துப்பக் கூடாத அறை

அந்த பிஸ்கட் தொழிற்சாலையின் ருசி பார்க்கும் அறைக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. மாத்திரை மருந்து சாப்பிடுகிறவர் ருசி மேசையில் உட்காரக் கூடாது என்பது ஒன்று. அதில் நியாயம் இருந்தது. மருந்து நாக்கைக் கெடுத்துவிடும். வாயில் போட்டதைத் துப்பக் கூடாது, விழுங்கியே ஆகவேண்டும் என்பது மற்றது. அதில் நியாயம் இல்லை, ஆனால் வரலாறு இருந்தது.

முன்பெல்லாம் அங்கே ஒரு துப்பும் தொட்டி இருந்தது. நாள் முழுக்க பிஸ்கட் கடிக்கிறவர்கள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தால் என்னாவது? மெல்லுவார்கள், யோசிப்பார்கள், துப்புவார்கள், கொப்பளிப்பார்கள். புது இயக்குநர் பதவியேற்ற அன்று சுற்றிப் பார்க்க வந்தவர் அந்தத் தொட்டியின் முன் நின்று கண் கலங்கினார். "நாம செஞ்ச பிஸ்கட்டை நாமளே துப்புறதா? பெத்த தாய் பிள்ளையைத் தூக்கி எறிவாளா?" என்றார். பெற்ற தாய் பிள்ளையைக் கடித்துப் பார்ப்பாளா என்று திருப்பிக் கேட்கும் துணிச்சல், சம்பளம் வாங்குகிற யாருக்கும் வரவில்லை. மறுநாள் தொட்டியைப் பெயர்த்தார்கள். அந்த இடத்தில் இயக்குநரின் படம் வந்தது. ஐந்து பேர் எதிரில் இருந்தாலும் ஐயாயிரம் பேர் இருப்பதுபோலப் பேசுவார் என்பதால் தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் மைக்.

ருசி மேசையின் தலைவருக்கும் ஒரு பெயர் உண்டு. நாக்கு. நேரில் "நாக்கு சார்." மாவு வேறு ஆலையிலிருந்து வந்திருந்தால் முதல் கடியிலேயே சொல்லிவிடுவார். அவரோடு மேசையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள்: பேக்கிங் மேற்பார்வைக்கார அம்மாள், கணக்கு மேலாளர், ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். முதல் இரண்டு பேரும் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு நாக்கு சாரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் புருவம் ஏறினால் இவர்கள் புருவமும் ஏறும். அவர் தலையாட்டினால் இவர்களுக்கும் ருசிக்கும். ஆய்வகத்து அம்மாள் மட்டும் ஈரம் பார்க்கும் மெஷினின் எண்ணைப் பார்ப்பார். அதனாலேயே மேசையின் ஓரத்து நாற்காலி அவருக்கு.

இப்படிப்பட்ட நாக்குக்கு எச்சில் வற்றிப்போனது.

காரணம் ஒரு குட்டி மாத்திரை. மேசைக்குத் தலைவரான புதிதில் தூக்கம் வரவில்லை. "ரெண்டு வாரம் போட்டுப் பாருங்க" என்று டாக்டர் கொடுத்தார். அந்த இரண்டு வாரம் பல வருஷம் ஓடியது. தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது. முதல் சட்டத்தின்படி அவர் என்றைக்கோ கிடங்குக்குப் போயிருக்க வேண்டியவர்.

போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கூப்பிட்டாள். ஒரு சுவர் தள்ளி அவர் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். மறுபடி மறுபடி கூப்பிட்டாள். அவராக விழித்து எழுந்து போனபோது அவள் கூப்பிடுவதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. இடுப்பில் கம்பி வைத்து, கையில் ஒரு நடை வண்டியைக் கொடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரையும் கரண்டியையும் எடுத்து வைக்கச் சொன்னாள்.

"தட்டினா வருவீங்கல்ல?"

அன்றைக்கே மாத்திரையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். மாசக்கணக்கா ஆகும். அவசரப்பட்டா உடம்பு பழி வாங்கிடும்" என்றார் டாக்டர். ஒரே கடியில் ஒரு லாரி சரக்குக்குத் தீர்ப்பு சொல்கிற மனிதருக்கு மாசக்கணக்கெல்லாம் ஒத்துவருமா? மடமடவென்று குறைத்தார். உடம்பு பழி வாங்கியது. தூக்கம் போன இடம் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக வாய் காய்ந்தது. காலையில் நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரித்தெடுப்பது, ஒட்டிய தபால் உறையைக் கிழிக்காமல் பிரிப்பதுபோல ஒரு வேலையாகிவிட்டது. தொண்டைக்குள் யாரோ உள்பக்கமிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல, தண்ணீர்கூட ஒரு முறை தட்டிவிட்டுத்தான் உள்ளே போனது.

டாக்டரிடம் மறுபடி போனார். "பழைய அளவுக்குத் திரும்பிப் போங்க. அங்கேருந்து மெதுவா இறங்கலாம்" என்றார் டாக்டர். பழைய அளவு என்றால் பழைய தூக்கம். டம்ளர் சத்தம் எட்டாத தூக்கம். நாக்கு மறுத்துவிட்டு வந்தார்.

வீட்டில் மனைவிதான் வைத்தியர். நடை வண்டியைப் பிடித்துக்கொண்டே சமையலறையில் நின்று எல்லாவற்றையும் குழைய வேகவைத்து மசித்துக் கொடுத்தாள். பனிக்கட்டியை உடைத்து பிளாஸ்க்கில் போட்டு அனுப்பினாள். காபியைக் கண்ணில் காட்டவில்லை.

"தலையைக் குனிங்க. தாடை நெஞ்சைத் தொடணும். இப்ப முழுங்குங்க."

"ம்."

"இன்னும் குனிங்க. கல்யாணத்தன்னைக்குக் குனிய வேண்டியதையெல்லாம் சேர்த்து வச்சு இப்பக் குனிங்க."

சிரித்தார். சிரித்ததில் புரையேறியது. அவள் முதுகைத் தட்டினாள். அந்த வீட்டில் அந்த மாதங்களில் நடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான் என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மசித்த சாப்பாடு வீட்டோடு சரி. தொழிற்சாலையில் பிஸ்கட். பனிக்கட்டியைச் சப்பிவிட்டு மேசையில் உட்காரலாம், ஆனால் பிஸ்கட் வாயில் இருக்கும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. தண்ணீர் விட்டால் எந்தக் கல்லும் மெத்தென்றாகிவிடும் அல்லவா? கடித்தார். மென்றார். எச்சில் இல்லாத வாயில் பிஸ்கட் முதலில் மணலாகி, பிறகு சிமெண்டாகி, பல் இடுக்கிலெல்லாம் பூச்சு வேலை நடத்தியது. துப்பலாமென்றால் தொட்டி இருந்த இடத்தில் மைக் புன்னகைத்துக்கொண்டிருந்தார். நாக்கு தாடையை நெஞ்சில் புதைத்து, கண்ணை மூடி, ஒரு வழியாக உள்ளே தள்ளினார்.

கண்ணைத் திறந்தபோது கணக்கு மேலாளரும் பேக்கிங் அம்மாளும் அதேபோல் தாடையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார்கள். ருசி பார்ப்பதில் புது முறை ஒன்று வந்துவிட்டது போலிருக்கிறது என்று அவர்களுக்கு நினைப்பு.

"வறட்சி" என்றார் நாக்கு.

"ஆமா சார். நானே சொல்லலாம்னு இருந்தேன். பயங்கர வறட்சி" என்றார் கணக்கு மேலாளர்.

"தொண்டையிலயே நிக்குது சார்" என்றார் பேக்கிங் அம்மாள்.

"மெஷின்படி ஈரம் சரியா இருக்குங்க. எப்பவும் இருக்கிற அளவுதான்" என்றார் ஆய்வகத்து அம்மாள். ஓரத்து நாற்காலியிலிருந்து வரும் குரல் மேசையின் நடுவரை எட்டுவதில்லை.

அடுப்பைப் பார்த்துக்கொள்பவன் நாக்கின் சொந்த மச்சான், மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. நீளமான அடுப்புக்குள் பெல்ட்டில் பிஸ்கட் ஊர்ந்து போய் மறுபக்கம் வெந்து வரும். பெல்ட்டின் வேகமும் சூடும் அவன் கையில்.

"மாமா, உங்க பேச்சைக் கேட்டு ஏற்கனவே சூட்டைக் குறைச்சாச்சு. மறுபடியும் வறட்சின்னா எப்படி? இதுக்கு மேல ஈரமா விட்டா அது பிஸ்கட் இல்ல, ஸ்பாஞ்ச். பாத்திரம் தேய்க்கலாம்."

"சொன்னதைச் செய்டா மச்சான்."

"நீங்க சாப்பிட்டுத்தான் சொல்றீங்களா? முகமெல்லாம் வத்திப் போய்க் கிடக்கு. அக்கா சோறு போடுறாளா இல்லையா?"

"பெல்ட்டைக் கொஞ்சம் வேகமா விடு."

அவன் அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு விட்டான். மாமாவின் நாக்கு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை.

ஆய்வகத்து அம்மாள் மைக்கிடமே போய்ச் சொல்லிப் பார்த்தார். பாக்கெட்டுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்றார். மைக் எழுந்து நின்று, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே நின்ற லாரிகளைப் பார்த்து உரையாற்றினார். "அம்மா, மெஷினுக்குப் பசிக்குமா? மெஷின் அழுமா? நம்ம பிஸ்கட்டைச் சாப்பிடப் போறது மெஷினா, மனுஷனா?" அம்மாள் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நாக்குக்குத் தெரியாதா? வீட்டில் மசித்த சாப்பாடும் வறட்சியாக இருந்தது. பனிக்கட்டி வறட்சியாக இருந்தது. ஒரு நாள் தண்ணீர் குடித்துவிட்டு 'இதுவும் வறட்சி' என்று நினைத்துக்கொண்டார். தண்ணீரையே வறட்சி என்கிற நாக்கை நம்பக் கூடாது என்று அவருக்கு அப்போதே உறைத்தது. ஆனால் வறட்சி பிஸ்கட்டில் இல்லை, என் வாயில் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். மாத்திரை என்று சொல்ல வேண்டும். எத்தனை வருஷமாக என்று கேட்பார்கள். மாத்திரையை முழுசாக விட்டுவிட்டால் எச்சில் திரும்பிவிடும், அதுவரை தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டார். எச்சில் வரவில்லை. சரக்கு போய்க்கொண்டிருந்தது.

பிறகு சரக்கு திரும்பி வரத் தொடங்கியது. முதலில் ஒரு கடை, பிறகு ஒரு தெரு, பிறகு லாரி லாரியாக. பாக்கெட்டைத் திறந்தால் பிஸ்கட் கம்பளி போர்த்திக்கொண்டிருந்தது.

விசாரணைக் கூட்டத்தை மைக் ருசி அறையிலேயே வைத்தார், தன் படத்துக்குக் கீழே. மச்சானையும் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார்கள். பூஞ்சை பிடிக்காத பாக்கெட் ஒன்றைத் தேடியெடுத்து நாக்கின் முன் வைத்தார்கள்.

"சார் முதல்ல ருசி பார்க்கட்டும்" என்றார் மைக்.

நாக்கு கடித்தார். கடிக்கவே தேவையிருக்கவில்லை. நமுத்துப் போன பிஸ்கட் வாயில் குழைந்து, தலையைக் குனிய வேண்டிய அவசியமே இல்லாமல், வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. பல மாதங்களில் அவர் தொண்டை தடுக்காமல் அனுப்பிய முதல் கவளம். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எச்சில் வராத உடம்புக்குக் கண்ணீர் மட்டும் எங்கிருந்து வந்ததோ.

"பார்த்தீங்களா, அவர் கண் கலங்குது" என்றார் மைக். கணக்கு மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க சார். இது நீங்க கேட்ட பிஸ்கட்டா? இல்ல அடுப்புல நடந்த தப்பா?"

மச்சான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பயமில்லாத முகம். மாமா இருக்கிறார் அல்லவா?

நாக்கு வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிளாஸ்க்கைத் தேடி கை போனது. அது காலி. அறையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

மைக்குக்குக் காத்திருந்து பழக்கமில்லை. "வேண்டாம் சார்!" என்று கையை உயர்த்தினார். "உங்க வாயால சொல்ல வேண்டாம். சொந்த மச்சானைக் காட்டிக்கொடுக்க மனசு வராம தவிக்கிறீங்க. இதுதான் பெருந்தன்மை. எல்லாரும் பார்த்துக்குங்க, இப்படிப்பட்ட மனுஷன் இருக்கிற இடம் இது!"

கைதட்டினார்கள். ஆய்வகத்து அம்மாள் மட்டும் மெஷினை அணைத்து உறை போட்டு மூடினார்.

வாய் வறண்டிருந்தது உண்மை. தொண்டை அடைத்திருந்ததும் உண்மை. ஆனால் இல்லை என்று தலையாட்டுவதற்கு எச்சில் தேவையில்லை. அது நாக்குக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும். கைதட்டல் அடங்கும்வரை தலை ஆடவில்லை. மச்சான் தலையிலிருந்த வலைத்தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். அன்றைக்கே அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நாக்கு வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு பை இருந்தது. உள்ளே மனைவி உடை மாற்றிக்கொண்டு, நடை வண்டியைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி வந்து சொல்லிட்டுப் போனான். வண்டி கூட்டிட்டு வர்றேன்னு போயிருக்கான்."

"இங்க பாரும்மா, என்னால பேச முடியல. வாய் ஒட்டிக்கிச்சு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"நாளைக்குப் போய்ச் சொல்லிடுறேன்."

"நாளைக்கு வாய் ஒட்டாதா?"

அவள் கோபமாகப் பேசவில்லை. மசித்த சாப்பாடு எங்கே மூடி வைத்திருக்கிறது என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"மாத்திரையை மறுபடி போட்டுக்குங்க. டாக்டர் சொன்ன மாதிரி. எனக்காக விட வேண்டாம். இனிமே நான் கூப்பிட மாட்டேன்."

"அங்கே உன்னை யார் பார்த்துப்பா? அவன் பொண்டாட்டி வேலைக்குப் போறவ."

"அவன் வீட்லதானே இருக்கான்? அவனுக்குத்தான் வேலை இல்லையே. கூப்பிட்டா வருவான்."

வண்டி வந்தது. மச்சான் உள்ளே வரவில்லை. வாசலிலிருந்தே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். டம்ளரையும் கரண்டியையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே தேவைப்படாது என்று நினைத்திருக்கலாம்.

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே நாக்கு அலமாரியைத் திறந்து மாத்திரையை எடுத்தார். நாக்கின் மேல் வைத்தார். அங்கேயே ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தார், தண்ணீர் போனது, மாத்திரை நின்றது. தாடையை நெஞ்சில் வைத்தார். குனியச் சொல்ல ஆளில்லாமல் குனிந்து பார்த்தார். மாத்திரை கரையவும் இல்லை, இறங்கவும் இல்லை. கசப்பு மட்டும் ஓரத்திலிருந்து மெல்லக் கசிந்தது. நல்ல கசப்பு. அவர் நாக்கு பல மாதங்களுக்குப் பிறகு ஒன்றைச் சரியாக அடையாளம் கண்டிருந்தது.

எதிரில் கைகழுவும் தொட்டி இருந்தது. வெள்ளையாக, காலியாக. இங்கே எவர் படமும் மாட்டியிருக்கவில்லை. துப்பிவிடலாம். தொட்டியைப் பார்த்தபடி வாயைத் திறந்துகொண்டு வெகுநேரம் நின்றார். இத்தனை வருஷப் பழக்கம், துப்ப வரவில்லை.