மூன்றாவது ஹெட்

மேடு ஏறிக்கொண்டிருந்தபோது வேட்டுப் போட்டது போல ஒரு சத்தம். வண்டி அப்படியே நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த கணவர் அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் மடியிலிருந்த துணிமூட்டை, அன்று கொடுக்க வேண்டிய பதினொரு சட்டைகளோடு, நடுச்சாலையில் விழுந்தது. பின்னால் வந்த லாரி ஒரு முழ தூரத்தில் ஒதுங்கிப் போனது.

வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தாள். ஸ்பார்க் பிளக் தன் துளையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து ஒயரில் தொங்கியது. அதன் திருகு மரையெல்லாம் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். காய்ந்த பசை.

"பிளக்குக்கு யாராவது பசை போடுவாங்களா?" என்றார் கணவர். அவர் தையற்காரர். வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பின்சீட் மட்டும்தான்.

"போட்டிருக்கானே!"

பக்கவாதம் வந்தவர்களின் வீட்டுக்கே போய்க் கைகால் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. அந்த இருபத்திரண்டு வருடத்து வண்டியில்தான் நாளுக்கு ஏழு வீடு. பத்து நாள் முன்புதான் சர்வீஸுக்கு விட்டிருந்தாள். இருவருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தக் கடைக்கே போனார்கள்.

கடைக்காரர் பிளக்கைப் பார்த்தார். பிறகு அவளை விட்டுவிட்டு அவள் கணவரிடம் பேசினார். "சார், வண்டி பழசு. அலுமினியம் தேஞ்சு மரை போயிடுச்சு. இதுக்கு இன்ஜின் ஹெட்டும் இப்ப கிடைக்காது. பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? வண்டி அவளோடது."

"பசை யார் போட்டது?" என்றாள் அவள்.

"மேடம், எங்க கடையில அந்த மாதிரி வேலையே நடக்காது."

"அப்ப என் வீட்டுக்குப் பேய் வந்து பிளக்கைக் கழட்டி ஒட்டிட்டுப் போச்சா?"

அவர் சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு தெரு தள்ளியிருந்த லேத் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிப் போனார்கள். லேத்காரர், பிளக் உட்காரும் இன்ஜின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளைக்குள் மரை நசுங்கிக் கூழாகியிருந்தது. "ஹெட் நல்லாத்தான் இருக்கு. எஃகுச் சுருள் வச்சுப் புது மரை ஏத்திடலாம்." பசையைச் சுரண்டி எடுத்தார். மரை வெட்டும் டேப்பில் ஒரு சுற்றுப் பெரியதை எடுத்து கிரீஸ் தடவி, முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால் சுற்று என்று பொறுமையாக வெட்டினார். அலுமினியத் துகள்கள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தன. ஸ்பிரிங் போன்ற கம்பிச் சுருளை உள்ளே முறுக்கி இறக்கினார். புது பிளக்கைக் கொடுத்து, "கையாலயே போடுங்க. தடையில்லாம இறங்கணும்" என்றார். அவள் விரலாலேயே திருகினாள். வெண்ணெயில் கத்தி போல இறங்கியது.

"இந்த மாசத்துல இது மூணாவது ஹெட்" என்று அவர் வாய்தவறிச் சொன்னார்.

"எல்லாம் அதே கடையா?"

அவர் கையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, கேக்கறேன் இல்ல?"

"அதே பசைதான்மா. மிஷினை வச்சு பிளக்கை முடுக்குறாங்க. கோணலா ஏறினாலும் விடுறதில்ல. மரை போனதும் பசை போட்டு அனுப்பிடுறாங்க. எனக்கு வர்ற வேலையில பாதி அவர் அனுப்புறது. நான் வாயைத் திறந்தா..."

"மாடிப்படியில பலகை ஆடுதுன்னு தெரிஞ்சும், ஏறிப் போறவங்களை வேடிக்கை பார்ப்பீங்களா? லாரி என் மேல ஏறியிருந்தா நாலாவது ஹெட்டுக்குக் காத்துட்டு இருந்திருப்பீங்க!"

அவர் கை துடைத்த துணியைக் கீழே வைத்தார். மூன்று பேரில் முதல் வண்டிக்காரியின் வீட்டை மட்டும் சொன்னார்.

மறுநாள் அங்கே போனாள். ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் பெண். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"வளைவுல வெடிச்சு நின்னுடுச்சு, விழுந்துட்டேன். ஹெட்டைச் சரி பண்ணி வாங்கினேன். ஆனா, நீங்க முறுக்கி ஓட்டுறதுதான் காரணம்னு கடைக்காரர் சொன்னார். என் தப்புன்னு நினைச்சு வண்டியை வித்துட்டேன் அக்கா."

அவளுக்குத் தன் வண்டிக்காக வந்த கோபம் ஒன்றுமில்லை என்று தோன்றியது. தப்பும் செய்து, விழுந்தவள் தலையிலேயே பழியையும் போட்டிருக்கிறான்! "நாளைக்குக் காலையில கடைக்கு வாங்க. பேசவே வேண்டாம், வந்து நில்லுங்க."

காலையில் பட்டறையைத் தாண்டும்போது லேத்காரரும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். அவள் அவரைக் கூப்பிடவே இல்லை.

கடையில் நாலைந்து பேர் வண்டியோடு நின்றார்கள். ரொட்டிக்கடைப் பெண்ணும் மாவுக்கட்டோடு வந்திருந்தாள். கடைக்காரர் பழைய பாட்டையே பாடினார். "சும்மா பழி போடக் கூடாது மேடம். நாங்கதான் பண்ணோம்னு யார் சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றார் லேத்காரர், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில். பிறகு கொஞ்சம் உரக்கச் சொன்னார். "மூணு ஹெட்டையும் நான்தான் திறந்தேன். மூணுலயும் உங்க பசை."

கடைக்காரரின் முகம் செத்துப்போனது. ஸ்டாண்டில் ஏற்றியிருந்த ஒரு வண்டிக்குச் சொந்தக்காரர், "போன மாசமும் இங்கதான் சர்வீஸ் விட்டேன். என் பிளக்கைக் கழட்டிக் காட்டுங்க" என்றார். இன்னொருவரும் சொன்னார். கடைக்காரர் லேத்காரரைப் பார்த்து, "இனிமே என் வேலை உன் பட்டறைப் பக்கம் வராது" என்றார்.

"தெரிஞ்சுதான் வந்தேன்."

"அதெல்லாம் இருக்கட்டும். இவங்க கையைப் பார்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க. நாக்கு வெந்துடாது!" என்றாள் அவள்.

அவர் கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டிலிருந்த வண்டியிடம் குனிந்தார். பிளக் வெளியே வந்தது, சாம்பல் பசையோடு. கூட்டத்தில் ஒருவர் "அடப்பாவி!" என்றார்.

ரொட்டிக்கடைப் பெண் அதுவரை ஓரமாகவே நின்றிருந்தாள். இப்போது நேராகக் கடைக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"நான் ஒழுங்காத்தான் ஓட்டினேன்" என்றாள். அதையே இன்னொரு தடவை, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.