மஞ்சள் கோடு போட்ட நட்டுகள்

விவாகரத்தாகிப் பதினொரு வருஷத்தில் வெர்லின் என் பட்டறைக்கு வண்டி கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் தானாக வரவில்லை. எங்கள் மகள் ஷெல்பி அவனோடு மல்லுக்கு நின்று அனுப்பிவைத்தாள். ஒரு டன் டீசல் பிக்கப். ஆறு அங்குலம் உயர்த்தி முப்பத்தேழு அங்குல டயர் மாட்ட வேண்டும். சனிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் ரோடியோ, குதிரைப் போட்டி. ஷெல்பியையும் அவள் குதிரையையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

"இப்ப இருக்கிற உயரத்துக்கே உனக்கு ஏணி வேணுமே, வெர்லின்" என்றேன்.

"நீ வண்டியத் தூக்கு, முதலாளியம்மா. என்னைத் தூக்க வேணாம்."

இந்த வயோமிங்கில் வண்டியைத் தூக்காத ஆம்பிளை ஆம்பிளையே இல்லை. அந்த மூடத்தனத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

வேலையை ராய்ஸிடம் கொடுத்தேன். வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்று வண்டிகளைப் பார்த்தவன், என்னிடம் சேர்ந்து மூன்று வாரம். வேலை சுத்தம். முன் அச்சைப் பிடித்து நிறுத்துகிற கம்பிகளின் நான்கு போல்ட்டுகளை, வண்டி அதைத் தூக்கிப் பிடிக்கும் ஹாய்ஸ்டில் தொங்கும்போது முழுக்க முறுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிடும். மேலே இருக்கும்போது கையால் நட்டைப் பிடித்துவைத்து, சக்கரம் தரையில் ஊன்றி முழு எடையும் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. முறுக்கி முடித்ததும் நட்டின் குறுக்கே பெயிண்ட் பேனாவால் ஒரு மஞ்சள் கோடு. எங்கள் பட்டறையில் மஞ்சள் என்றால் முடிந்தது. என்னோடு ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்திய வெர்லினுக்கும் அது தெரியும்.

சனிக்கிழமை ராய்ஸுக்குப் பல்வலி தாங்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். அவன் போன சற்று நேரத்தில், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வெர்லின் ஷெல்பியோடு வந்து நின்றான். ஒரு நண்பனின் வண்டி குதிரை டிரெய்லரை இழுத்துவந்து வாசலில் விட்டுப்போனது. உள்ளே குதிரை உதைத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் மேலதான் தொங்குதா? அதானே, உன்கிட்ட எது நேரத்துக்கு முடிஞ்சிருக்கு?"

சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். நான்கு நட்டிலும் மஞ்சள் கோடு. தரையில் வைத்து முறுக்கிவிட்டு, கடைசியாக ஒரு பார்வை பார்க்க மறுபடி தூக்கியிருப்பான் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். எந்த வண்டிக்கும் சாவி கொடுக்கும் முன் என் கையால் ரெஞ்ச் வைத்துப் பார்ப்பேன். அன்றைக்கு வைக்கவில்லை. அவன் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டியை இறக்கிச் சாவியை விட்டெறிந்தேன். அவன் டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஷெல்பி ஜன்னலில் இருந்து தொப்பியை ஆட்டிவிட்டுப் போனாள்.

அரை மணி கழித்து ராய்ஸ் வந்தான். பாதி வாய் மரத்து, பேச்சு குழறியது.

"பாஸ், வண்டி எங்க?"

"போயிடுச்சு."

"எப்படிப் போகும்? மஞ்சள் போட்டதெல்லாம் இன்னும் முறுக்கணுமே!"

"மஞ்சள்னா முறுக்கியாச்சுன்னுதானே?"

"எங்க பழைய பட்டறையில மஞ்சள்னா பாக்கின்னு அர்த்தம். தரையில இறக்கி முறுக்கினதும் துடைச்சிடுவோம்." அவன் முகம் வெளுத்துவிட்டது. "நாலும் கையால பிடிச்சதுதான், பாஸ்."

டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏற்றத்தில் மெதுவாகத்தான் போவான்; அதுவரை தாங்கலாம். உச்சியைத் தாண்டினால் பத்து மைல் இறக்கம். அங்கே வேகம் பிடித்தால் தளர்ந்த அச்சு இடமும் வலமும் அடிக்கத் தொடங்கும். சாவாட்டம் என்போம். ஸ்டியரிங் கையில் நிற்காது. சாலையின் ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை.

போன் அடித்தேன். பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டான், மணியே போகவில்லை. நெடுஞ்சாலைப் போலீசுக்கு ராய்ஸைப் போன் பேசச் சொல்லிவிட்டு, முறுக்கு போதுமான அளவு வந்ததும் டிக்கென்னும் டார்க் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு என் காரில் ஏறினேன். ஊரார் வண்டியை எல்லாம் உயர்த்துகிறவள் ஓட்டுவது தரையை உரசுகிற பழைய கார். அதை அன்றைக்குக் கொன்றுவிட்டேன். வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்தேன். மரம் ஏற்றிய லாரி ஒன்று வழி விடாமல் நான்கு மைல் போனது. வாயில் வந்ததை எல்லாம் சொல்லி அந்த லாரிக்காரனைத் திட்டினேன். ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் வெள்ளை டிரெய்லர் கிடக்கிறதா என்று என் கண் தானாகத் தேடியது. தேடாதே என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

உச்சியில் லாரிக்காரர்கள் பிரேக் பார்க்க நிறுத்தும் இடம் இருக்கிறது. அங்கே நின்றது அவன் வண்டி. நான் பார்க்கும்போதே நகர ஆரம்பித்தது, இறக்கத்தை நோக்கி. ஹாரனில் கையை வைத்தபடி அவன் மூக்குக்கு முன்னால் காரைக் குறுக்கே விட்டேன். அந்தப் பெரிய டயர் என் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"பைத்தியமாடி உனக்கு?" என்று குதித்து இறங்கினான் வெர்லின்.

"இன்ஜினை அணை. ஷெல்பி, இறங்கு. இப்பவே."

என் குரலைக் கேட்டு இரண்டு பேரும் சொன்னதைச் செய்தார்கள். கல்லில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்தேன். முதல் நட்டு ரெஞ்ச் வைத்ததும் சுற்றியது. முக்கால் சுற்று. நான்காவதை விரலாலேயே திருக முடிந்தது. ஒவ்வொன்றையும் ரெஞ்ச் டிக்கென்று சொல்லும்வரை முறுக்கிவிட்டு வெளியே வந்தேன்.

"யார் பண்ணின வேலை?" என்றான்.

ராய்ஸின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான். கை வச்சுப் பாக்காம சாவியக் குடுத்தேன். உன் வாய்க்குப் பயந்து."

பதினொரு வருஷத்துக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவன் கத்தவில்லை.

"ஸ்டியரிங் ஒரு மாதிரி இருந்துச்சு, மார்லிஸ். அதான் நிறுத்திக் குனிஞ்சு பாத்தேன். மஞ்சள் இருந்துச்சு. உங்கம்மா போட்டிருக்கா, ஒண்ணும் ஆகாது, புது டயர்தான் அப்படி இருக்கும்னு இவகிட்ட சொல்லிட்டு ஏறினேன்."

அவன் கத்தியிருக்கலாம். என்னை ஒருநாளும் நம்பாதவன், நம்பக் கூடாத ஒரே நாளில் நம்பியிருக்கிறான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஷெல்பி என் தோளைத் தொட்டாள். பதினாறு வயது, கண்ணில் இன்னும் மிரட்சி.

"அம்மா, நான் இப்ப ஏறலாமா?"

மறுபடி கல்லில் படுத்தேன். நான்கு நட்டிலும் ரெஞ்ச் வைத்தேன், நான்கும் அசையவில்லை. வெளியே வந்து அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது முறையாக உள்ளே போனேன். டிரெய்லரில் குதிரை காலைத் தட்டுவது மட்டும் கேட்டது.

எழுந்து வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"ஏறு" என்றேன்.