நாளைக்கு நடந்த மறியல்

அமீனுல்லா மாமா கல்வராயன் மலைமேல் ஒருநாளும் ஏறியதில்லை. கேட்டால் மொபெட் ஏறாது என்பார். ஆனால் கரியாலூர் அருவியில் வெள்ளம் வந்தால் பேப்பருக்கு எழுதி அனுப்புவது அவர்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே அவருக்கு ஒரு செருப்புக்கடை. கல்லாவில் உட்கார்ந்தபடியே மலை, அருவி, 'பொதுமக்கள் மகிழ்ச்சி' எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். மொபெட்டுக்கு முன்னால் 'பிரஸ்' என்று எழுதியிருக்கும், பின்னாலும் எழுதியிருக்கும். பக்கவாட்டில் இடமில்லை, இருந்தால் விட்டிருக்க மாட்டார்.

இந்த மேதாவியிடம்தான் நான் ஆறு மாதம் பாடம் படித்தேன். அது எண்பத்தேழாம் வருஷம். அவர் செய்தி அனுப்பும் பேப்பரில் துணை ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று எங்கள் அத்தாவிடம் வந்து சொன்னதும் அவர்தான். அத்தாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை. நான் தபாலில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

"ஒரே ஒரு இன்டர்வியூ, ஹப்சா. கெடைக்கலன்னா கடைக்கு வந்து பில்லு போடு. அதுக்கு மேல பேச்சே கெடையாது" என்றார் அத்தா.

எனக்கு அந்த வேலை வேண்டும். சாகும்வரை குண்டானுக்கு விலை சொல்லிக்கொண்டிருப்பதற்காக நான் படிக்கவில்லை.

மாமாவின் பயிற்சி வினோதமானது. தினமும் மூன்று மணிக்கு வந்து ஒரு தலைப்பு கொடுப்பார். "தாலுகா ஆபீசுல சாயங்காலம் விழா. முடிஞ்சிட்ட மாதிரி எழுது."

"இன்னும் பந்தலே போட்டுக்கினு இருக்காங்களே மாமா?"

"நடந்தத எவன் வேணா எழுதுவான். நடக்கறதுக்கு முன்னாடி எழுதறவதான் எடிட்டரு."

நாலு மணிக்கு, திருத்தித் தருகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு போவார். ஒரு தாளும் திரும்பி வந்ததில்லை. இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் அதே செய்தி ஏறக்குறைய என் வரிகளிலேயே இருக்கும். ஆகா, நமக்குப் பத்திரிகை நடை கைவந்துவிட்டது என்று பூரித்துப்போவேன். அப்படி ஒரு மடச்சியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்று ஓர் இடம் இருந்தது. "இல்லைன்னே எழுதும்மா. பொய் சொல்லக்கூடாது" என்றார் மாமா. அவருக்குச் சிரிப்புகூட வரவில்லை.

இன்டர்வியூவுக்குக் குறித்த நாளும் மறியல் தொடங்கும் நாளும் ஒன்றாகப் போயின. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊரெல்லாம் அறிவித்திருந்தார்கள். பேப்பர் ஆபீஸ் இருக்கிற கடலூருக்கு யாரும் வந்துசேர முடியாது என்று செய்தி ஆசிரியரே முதல்நாள் மாலை உளுந்தூர்பேட்டை வந்து ஒரு லாட்ஜில் தங்கிவிட்டார். இன்டர்வியூ அங்கேயேதான். முதல்நாள் மூன்று மணிக்கு மாமா கடைசிப் பாடத்தைக் கொடுத்தார்: "மறியல் முடிஞ்ச மாதிரி எழுது." நானும் எழுதினேன். மரங்கள் வெட்டிப் போடப்பட்டன, போக்குவரத்து பாதிக்கப்பட்டது, அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ் எலவனாசூர்கோட்டை தாண்டியதும் நின்றது. ரோட்டோரப் புளியமரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வேடிக்கை பார்த்தோம். மரம் அவர்கள் நினைத்த பக்கம் சாயவில்லை. கயிறு பிடித்துக்கொண்டிருந்த ஒருவரின் காலை அடிமரம் நசுக்கிவிட்டது. "ராசு! ராசு!" என்று ஆண்கள் கத்தினார்கள். சாலம்மாள் என்று மற்றவர்கள் கூப்பிட்ட அவர் பெண்சாதி கத்தவில்லை, வெறுங்கையால் மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மறித்தவர்களே எங்கள் பஸ்ஸைத் திருப்பி, அவரைத் தூக்கிப் போட்டு, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நானோ மரத்தைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்ற டிராக்டரில் ஏறினேன். இன்டர்வியூ ஆயிற்றே. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

செய்தி ஆசிரியர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவாமலே என் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"அனுபவம் இல்லைன்னு போட்டிருக்க. சரி, நேத்து சாயங்காலம் பஸ்ல வந்த கவரு இது. திருத்து."

வாங்கிப் பார்த்தேன். மேலே அமீனுல்லா மாமாவின் பெயர். கீழே முழுக்க என் கையெழுத்து.

ஆறு மாதம் திரும்பி வராத தாள்கள் எல்லாம் எங்கே போயின என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு அனுபவம் இருந்தது, ஆறு மாத அனுபவம்! அதைச் சொன்னால் ஆறு மாதமாக நான் எழுதியதெல்லாம் கற்பனை என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். வாயை மூடிக்கொண்டு ரெண்டு வரியைத் திருத்திக் கொடுத்திருந்தால் வேலை கிடைத்திருக்குமோ என்னவோ. ஆனால் 'அசம்பாவிதம் எதுவும்' என்ற இடத்தில் பேனா நகரவில்லை.

"சார், இது நான் எழுதினது. நேத்து மூணு மணிக்கு, வூட்ல உக்காந்துக்கினு எழுதினேன். இதுக்கு முன்னாடி வந்ததும் நான் எழுதினதுதான். இது பொய் சார். காலையில மரம் சாஞ்சி ராசுன்னு ஒருத்தர் கால் போயிடுச்சு. நான் பார்த்தேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்தார்.

"அதானே பார்த்தேன். கள்ளக்குறிச்சி நியூஸ் மட்டும் ஆறு மாசமா சுத்தமா வருதேன்னு. நீதானா?"

"அப்போ வேலை சார்?"

"உன்னைக் கொண்டுபோயி கடலூர்ல உட்கார வச்சிட்டா கள்ளக்குறிச்சியிலேருந்து எழுதறது யாரும்மா? அந்தாளு எழுதினா மனுஷன் படிக்க முடியுமா?"

"ராசு கால்?"

"ஜில்லா முழுக்க மறியல். ஒரு காலுக்கெல்லாம் எடம் இல்ல" என்று சொல்லி, என் தாளை என்னிடமிருந்து வாங்கி, போனில் அப்படியே கடலூருக்குப் படித்தார். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஆறு மாதத்தில் நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

பேப்பர் கட்டு இரண்டு நாள் தாமதமாக வந்தது. மாமாவுக்கு உறுத்தியதோ என்னவோ, மறியல் செய்தி ஹப்சா எழுதியது என்று அத்தாவிடம் சொல்லிவிட்டார். அத்தா அதை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் கஞ்சி வாங்கத் தூக்கு வேண்டும் என்று ஒரு பெண் வந்தாள். சாலம்மாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தா வழக்கம்போல் ஆரம்பித்தார்: "மறியல் சேதி, எம் பொண்ணு எழுதினது."

அவள் முகம் மாறிவிட்டது. "எங்கூட்டுக்காரரு காலு போனது அதுலதாங்க. காலை எடுத்துட்டாங்க. எங்களப்பத்தி இன்னா போட்டிருக்கு? படிம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது."

நான் எழுந்து போய்க் கண்ணாடியில் விரலை வைத்து வரிவரியாகப் படித்தேன். "எலவனாசூர்கோட்டை அருகே நடந்த மறியலில் மரம் சாய்ந்து ராசு என்பவர் பலத்த காயமடைந்தார். அவர் மனைவி சாலம்மாள் வெறுங்கையால் மரத்தைத் தள்ளினார்." எங்கும் தடுமாறவில்லை. இல்லாததைத்தானே ஆறு மாதம் எழுதிப் பழகியிருக்கிறேன். அத்தா கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவரு பேரு எங்கம்மா இருக்கு?"

'அசம்பாவிதம்' என்ற வார்த்தையைக் காட்டினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அதை ஒரு விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.