கைக்கு வந்த வாரம்

நான் அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டியது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு டாலர் என்று கடிதம் வந்தது. வாரத்துக்கு இருநூற்று நாற்பத்து மூன்று வீதம் பன்னிரண்டு வாரம் எனக்குக் கொடுத்த வேலையில்லாப் படி. தவறான கணக்குச் சொல்லி வாங்கினேனாம்.

அட்டைப்பெட்டி ஆலையில் ஆர்டர் குறைந்து, ஐந்து நாள் வேலை இரண்டு நாளாகிவிட்டிருந்தது. அப்படிக் குறைந்த கூலிக்கு அரசு கொஞ்சம் ஈடு கட்டும். ஞாயிறுதோறும் போனில் கேட்பார்கள், இந்த வாரம் எவ்வளவு சம்பாதித்தாய் என்று. ஆலையில் ஒரு வாரம் உழைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமைதான் காசு. நான் கைக்கு வந்ததை, வந்த வாரத்தில் சொன்னேன். உழைத்த வாரத்தில் சொல்லியிருக்க வேண்டுமாம். ஒரு சென்ட் மறைக்கவில்லை. எல்லாம் ஒரு வாரம் தள்ளி விழுந்தது, அவ்வளவுதான்.

கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தில் அது இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவன், அந்தப் பக்கம் வரை போகவில்லை.

"எங்கிட்ட காட்டியிருக்கலாம்ல?" என்றாள் என் மனைவி லோர்னா.

"நீ ராத்திரி ஷிப்டுல இருந்த."

"ஆமா, தப்பு என்னுதுதான்."

மேல்முறையீடு செய்தோம். விசாரணை போனிலேயே நடக்கும். வியாழக்கிழமை காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் கடன் உறுதி.

அதற்குள் ஆலையை மூடிவிட்டார்கள். ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அங்கே போனை அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மேற்பார்வையாளன் ட்ரெண்டுக்கு என் மகள் வயது.

"வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம் விடணும், ட்ரெண்ட். விசாரணை இருக்கு."

"என்ன பெரிசு, யாரை வெட்டின?"

"அரசாங்கத்துக்குக் கடன். போன்லயே பேசிடுவாங்க."

"தொண்ணூறு நாள் முடியாம லீவு கிடையாது. போனோட உள்ள வந்தா அன்னிக்கே வெளிய. நான் போட்ட சட்டமா இது? எனக்கும் மேல ஆள் இருக்கு."

வியாழக்கிழமை போனைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போனேன். பத்தேமுக்காலுக்குக் கணுக்காலில் அதிர்ந்தது. நாய்த்தீனி மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் குந்தினேன். ஒரு பெண் நீதிபதி.

"மிஸ்டர் ஸ்டைப், உழைச்ச வாரத்துல ஏன் கணக்குக் காட்டல?"

"ரெண்டு முதலாளிங்க கூலி தராமயே ஓடியிருக்காங்க, மேடம். கைக்கு வந்தாத்தான் நான் சம்பாதிச்சேன்னு சொல்லுவேன்."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அடுக்கின் முனையில் ட்ரெண்ட் வந்து நின்றான். கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தான்.

"இப்ப வேலையில இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன். அந்த நிமிடத்துக்கு அது உண்மை.

பேசி முடிக்கும்வரை அவன் காத்திருந்தான். அதை மறுக்கக் கூடாது. பிறகு அடையாள அட்டைக்குக் கையை நீட்டினான்.

"கேமரா பாத்துடுச்சு, பெரிசு. இல்லாட்டி கண்டுக்காம போயிருப்பேன்."

மறுபடி வேலையில்லாப் படிக்கு விண்ணப்பித்தேன். திங்கட்கிழமை பதில் வந்தது. விதியைத் தெரிந்தே மீறி வேலையிழந்ததால் படி கிடையாது. ஏற்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

"செய்" என்றாள் லோர்னா. "இந்தத் தடவை எப்ப கூப்பிட்டாலும் எடுக்கலாம். வீட்லதான கெடக்கப் போற."

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. வாடகைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

வியாழக்கிழமை இன்னொரு உறை வந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்ததால் நானே பிரித்தேன். இரண்டு பக்கம். ஒரு சொல் விடாமல் விரல் வைத்துப் படிக்க அரைமணி ஆயிற்று. ஏமாற்றும் நோக்கம் இல்லை. கடன் முழுவதும் தள்ளுபடி.

லோர்னா எழுந்து வந்து காப்பியை ஊற்றினாள்.

"எவ்வளவாம்?"

"ஒண்ணுமில்ல."

"நாம தரதா, அவங்க தரதா?"

"ரெண்டும்தான்" என்றேன்.