மறுமுனையில் ஆள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நானாக எழுத உட்கார்ந்தது அல்ல. அக்கா கேட்டு எழுதுவது. ஊர்க்கதையெல்லாம் எழுதுகிறாயே, உங்கள் அத்தானைப் பற்றி நாலு வரி எழுதக் கூடாதா என்று கேட்டாள். அத்தான் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எப்படி மறுப்பது? ஒரே ஒரு நிபந்தனை: எழுதியதை அச்சுக்கு முன்னால் அவள் படிக்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது அப்போதுதான்.

2

ஆரம்பம் ஒன்று: "பங்குச் சந்தை என்பது மனிதனின் ஆசையும் அச்சமும் சந்திக்கும்…"

(அடித்துவிட்டேன். அத்தானுக்குச் சந்தையும் தெரியாது, பெரிதாக ஆசையும் கிடையாது.)

ஆரம்பம் இரண்டு: அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்ததையெல்லாம் ஒரு சின்னத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்குகளில் போட்டார். அவர்கள் செய்தது பேசும் மாத்திரைப் பெட்டி. வேளை வந்தால் "ஐயா, மாத்திரை நேரம்" என்று கூப்பிடும். பொத்தானை அழுத்தும்வரை விடாது.

இது இருக்கட்டும்.

ஏன் போட்டார்? வீட்டிலிருந்த பெட்டி ஒருநாள் மக்கர் செய்ய, அதில் ஒட்டியிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். எடுத்துப் பேசியது நிறுவனத்தை ஆரம்பித்தவரே. நம்பாமல் மறுநாளும் கூப்பிட்டார், அடுத்த வாரமும் கூப்பிட்டார். அதே குரல், அதே "ஹலோ". [அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு ஹலோக்காரர் என்று பெயர். பெட்டிக்குள் பேசும் குரலும் அவருடையதுதான்.] லிஃப்டில் மாட்டிக்கொண்டவன் மணி அடித்தால் மறுமுனையில் ஆள் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அலங்காரம் என்பார் அத்தான். ஆண்டறிக்கை படித்துவிட்டு முதலீடு செய்பவர்கள் உண்டு. மணி அடித்துப் பார்த்து முதலீடு செய்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

3

இங்கே ஒரு வில்லன் வேண்டும்.

பெரிய நிறுவனமொன்று அதே வசதியைக் கைப்பேசியில் இலவசமாகக் கொடுத்தது. பெட்டி விற்பனை படுத்துவிட்டது. பெரிய பங்குதாரர்கள் கூடி ஹலோக்காரரை வெளியே அனுப்பிவிட்டு, கோட்டுப் போட்ட ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் செய்த முதல் வேலை, தொலைபேசியில் இயந்திரக் குரலை வைத்தது. பிறகு அவரும் போய் இன்னொருவர் வந்தார்.

(கோட்டுக்காரரை அயோக்கியராக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. முழுகுகிற படகில் ஏறியவர், பாவம், அவர்தான் என்ன செய்வார்?)

இயந்திரக் குரல் வந்த அன்று அத்தான் கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றை அழுத்தினார், இரண்டை அழுத்தினார். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, "ஆள் இல்லடா" என்றார். அவ்வளவுதான். பங்குகளை மட்டும் கடைசிவரை விற்கவில்லை.

4*

துக்கத்துக்கு ஹலோக்காரரும் வந்திருந்தார். வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு என்னிடம் மட்டும் சொன்னார்.

"நான் போன் எடுத்தேன்னுதான் சார் அவர் என்னை நம்பினார். எடுக்க வேற ஆளே இல்ல சார். சம்பளம் குடுக்க வழியில்ல, அதான் நானே எடுத்தேன்."

வெறுங்கையால் முழம் போட்டவரை நம்பியா அத்தான் எல்லாவற்றையும் கொட்டினார்?

இப்போது அந்தப் பெரிய நிறுவனமே பெட்டிக் கம்பெனியை அடிமாட்டு விலைக்கு வாங்குகிறது. அக்கா கையெழுத்துப் போட்டால் ஏதோ கொஞ்சம் வரும். நாளையோடு கெடு முடிகிறது. வீட்டில் வேறு வருமானம் இல்லை. பத்திரம் மேசைமேல் கிடக்கிறது, அவளுக்குப் பேனாவை எடுக்கக் கை வரவில்லை.

"வித்துட்டா, அவர் ஏமாந்துட்டார்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்டா."

முடிவு அ: இந்தப் பகுதியைக் கிழித்துவிடுகிறேன். அக்காவுக்கு எதுவும் தெரியாது, அத்தான் அத்தானாகவே இருப்பார்.

முடிவு ஆ: விட்டுவைக்கிறேன். அக்கா படித்துவிட்டு

* இந்தப் பகுதியை அக்கா இன்னும் படிக்கவில்லை.

5

படித்துவிட்டாள். நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், மேசையில் கிடந்த தாள்களை எடுத்து நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மேலே உள்ள அடிக்குறிப்பு இப்போது பொய். அடிக்க மனமில்லாமல் விட்டுவைத்திருக்கிறேன்.

"இது அவருக்குத் தெரியும்டா" என்றாள்.

"எது?"

"ஆள் இல்லாமதான் அந்தப் பிள்ளை தானே எடுக்குதுன்னு. முதல் வாரமே சொல்லிட்டார். தெரிஞ்சும் ஏங்க போடறீங்கன்னு கேட்டேன். போன் எடுக்க ஒரு ஆள் வெச்சுக்கட்டுமேன்னார்."

மூன்று பகுதிகளாக அத்தானை ஒரு வெகுளியாகவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் இருந்திருந்தால் படித்துவிட்டுச் சிரித்திருப்பார். அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

அப்படியானால் அவர் ஏமாறவே இல்லையே, கையெழுத்துப் போட்டுவிடலாமே என்றேன். அக்கா பத்திரத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தாள்.

அப்போது அலமாரியிலிருந்து பெட்டி கூப்பிட்டது. "ஐயா, மாத்திரை நேரம்."

இந்த இரண்டு மாதமும் அக்கா அதை நிறுத்தவில்லை. தினமும் அது கூப்பிடும், அவள் "இதோ வர்றார்" என்று சொல்லிப் பொத்தானை அழுத்துவாள். இன்று பேனாவும் கையுமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். கண்ணிலிருந்து நீர் வழிகிறது, துடைக்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டாளா என்று என்னைக் கேட்காதீர்கள். இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

பெட்டி இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வாசகரே, இந்தப் பக்கத்தின் மறுமுனையில் இருப்பவர் நீங்கள்தான். கொஞ்சம் எழுந்து போய் அந்தப் பொத்தானை