ஒரு சாண் வாட்டம்

எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் இதுவரை மூன்று முறை வந்திருக்கிறது. மூன்று முறையும் தேர்தல் நோட்டீஸில்தான் வந்தது. நோட்டீஸ் நல்ல கெட்டிக் காகிதம் என்பதால் அட்டைக்கு உள்பக்கம் ஒட்ட எடுத்து வைத்துக்கொள்வேன். நான் பைண்டிங் கடை வைத்திருப்பவன். அரசியல்வாதிகளால் பலன் அடைந்த ஆள் இந்தத் தெருவில் உண்டென்றால் அது நான் ஒருவன்தான்.

கடை இருப்பது தெருவின் பள்ளமான முனையில். நல்ல மழை பெய்தால் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் நானூறு பதிவேடுகளைத் தைத்து, அட்டை போட்டு அடுக்கி வைத்திருந்தேன். ஒரே ராத்திரியில் எல்லாம் ஊறிப்போய்விட்டன. பள்ளிக்கூடத்தார் பெரிய மனது பண்ணி இந்த வருடமும் வேலை கொடுத்திருக்கிறார்கள். இந்த மழையிலும் நனைந்தால் கடையை இழுத்து மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் யாருக்கு ஓட்டு என்பது எனக்குப் பொழுதுபோகாத பேச்சு இல்லை, சோற்றுப் பிரச்சினை.

கவுன்சிலர் தேர்தலில் போட்டி இரண்டு பேருக்கு நடுவில். ஒருவர் மூன்று முறையும் நோட்டீஸில் வடிகால் தந்த அதே ஆள். அவரைத் தெருவில் ‘முன்னாள்’ என்போம். பதவியில் இருக்கும்போதும் அப்படித்தான் சொன்னோம். இந்தத் தடவை அவர் வடிகாலை மறந்துவிட்டு அலங்கார விளக்குக்குத் தாவியிருந்தார். இன்னொருவர் மருந்துக்கடைக்காரர், முதல் தடவையாக நிற்கிறார். தெருத் தண்ணீரைப் பின்பக்கத்து ஓடைக்குக் கொண்டுபோக வடிகால் வெட்டித் தருவதாக அவர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். சொன்னதைச் செய்ய மாட்டார்கள், செய்த தப்பை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஓட்டுப் போடப் போகாமல் வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம் என்றிருந்தேன்.

கடைக்கு மேல்மாடியில் அண்ணி இருக்கிறார். அண்ணன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அண்ணிக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. சித்தாளாகக் கலவை சுமந்துகொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில். வயதில் என்னைவிட இரண்டு வருடம் சின்னவர், முறையில் பெரியவர், தொழிலில் நான் அண்ணாந்து பார்க்க வேண்டியவர். ஒரு குளியலறைத் தரையை முடித்ததும் கூலியும் கேட்க மாட்டார், கையும் கழுவ மாட்டார். மூலையில் ஒரு மக் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பார். கடைசிச் சொட்டும் ஓட்டைக்குள் போன பிறகுதான் எழுந்திருப்பார். தண்ணீர் வடிகிற சரிவுக்கு வாட்டம் என்று பேர்; வாட்டம் என்றால் அண்ணியைக் கேள் என்று மேஸ்திரிகளே சொல்வார்கள்.

மருந்துக்கடைக்காரர் ஒரு புதன்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அண்ணி அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தெரு தாழ்வா, ஓடை தாழ்வாங்க?”

“ஓடைன்னா தாழ்வாத்தாம்மா இருக்கும்.”

“அளந்து பார்த்தீங்களா?”

அவர் கூட வந்தவர்களைப் பார்த்தார். கூட வந்தவர்கள் ஓடையைப் பார்த்தார்கள்.

அண்ணி உள்ளே போய் டியூப் லெவலை எடுத்து வந்தார். அது வெறும் பிளாஸ்டிக் குழாய்தான். உள்ளே தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் பிடித்தால், தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தால் எது மேடு, எது பள்ளம் என்று தெரிந்துவிடும். தண்ணீர் பிடிப்பது எப்போதும் அண்ணிதான். வாளியை உயரத்தில் வைத்து, வாயால் உறிஞ்சி, காற்று புகாமல் மெதுவாக இறக்குவார். அன்றைக்குத் தெருவே கூடி நின்றது. நான் முந்திரிக்கொட்டை மாதிரி டியூபைப் பிடுங்கிக் தெருக்குழாயில் செருகி ஒரு நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்தேன். நாலு பேர் பார்க்க ஒரு அரசியல்வாதியைப் பொய்யன் ஆக்கப்போகிற அவசரம் எனக்கு.

பழைய டியூப், நடுவில் பாசி படிந்திருந்தது. தெருப்பக்கம் நான் பிடிக்க, ஓடைப்பக்கம் அண்ணி பிடிக்க, மூன்று கட்டமாக அளந்தோம். ஓடை தெருவைவிட இரண்டு விரல் மேடு என்று வந்தது. வெட்டினால் ஓடைத் தண்ணீர்தான் தெருவுக்கு வரும் என்றார் அண்ணி. கூட்டம் சிரித்தது. மருந்துக்கடைக்காரர் முகம் செத்துப்போய்க் கிளம்பினார். மறுநாளே முன்னாளின் ஆட்டோ மைக்கில் இந்தக் கதையைப் பாட ஆரம்பித்துவிட்டது. தெரு மொத்தமும் முன்னாள் பக்கம் சாய்ந்தது. விளக்காவது எரியுமே என்றார்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

வெள்ளிக்கிழமை மத்தியானமே அண்ணி வேலையிலிருந்து திரும்பி வந்தார். நேராகக் கடைக்குள் வந்து, டியூபை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். பாசிக்குப் பின்னால் ஒரு கை நீளத்துக்குக் காற்று நின்றது. புதன்கிழமை நிரப்பிய அதே தண்ணீரோடு டியூபை எடுத்துப்போய் மட்டம் பார்த்து, அன்று ஒட்டிய தரையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அது ஓட்டைக்குப் போகாமல் வாசலுக்கு வந்திருக்கிறது. ஒட்டிய டைல்ஸ் அத்தனையையும் பெயர்த்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

“புதன்கிழமை தண்ணி எதுல பிடிச்சீங்க தம்பி?”

“குழாய்ல, அண்ணி.”

அவர் டியூபைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

வாளி வைத்து, உறிஞ்சி, சொட்டுக் காற்று இல்லாமல் நிரப்பி மறுபடி அளந்தோம். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. ஓடை தெருவைவிட முழுசாக ஒரு சாண் தாழ்வு. வடிகால் வெட்டினால் என் கடையில் ஒரு சொட்டு நிற்காது. அந்த ஆள் சொன்னது சரி. தெரிந்து சொன்னாரோ, வாய்க்கு வந்ததைச் சொன்னாரோ, சரி சரிதான்.

சேதி எப்படியோ பரவிவிட்டது. முன்னாளின் ஆள் ஒருவர் வந்து, இதை ஞாயிற்றுக்கிழமை ஓட்டு முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாமே, என்ன அவசரம் என்று பல்லிளித்தார். அவர் போன கையோடு மருந்துக்கடைக்காரரே வந்துவிட்டார். தன் வண்டியில் ஏறி மைக்கில் சொல்ல வேண்டும் என்றார். அண்ணி இரண்டு பேருக்கும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். தெருவுக்குத்தான் தப்பாகச் சொன்னேன், தெருவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

நாற்பத்திரண்டு வீடு. வெள்ளி சாயங்காலம் பாதி, சனிக்கிழமை பாதி. எல்லா வாசலிலும் ஒரே பேச்சுதான். நான் தப்பாக அளந்துவிட்டேன், ஓடை ஒரு சாண் தாழ்வு, தண்ணீர் போகும். நானும் கூடவே போனேன். ஒவ்வொரு வாசலிலும் அவர் ‘நான்’ என்றபோது தண்ணீர் பிடித்தது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். விழுங்கிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். வாய் கிழியப் பேசுகிறவன் நான். அந்த இரண்டு நாளும் எனக்கு நாக்கு இருந்ததாகவே தெரியவில்லை.

அப்படியானால் யாருக்குப் போடுவது என்று தையல்கார அக்கா கேட்டார்.

“தண்ணி போகும்னுதான் சொன்னேன், அக்கா. அவர் வெட்டுவாரான்னு அளக்க எங்கிட்ட டியூப் இல்ல,” என்றார் அண்ணி.

யாரும் நம்பவில்லை. புதன்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று பேசினால் யார்தான் நம்புவார்கள்? பதினைந்து வருடமாக வாட்டம் பார்க்கிறவருக்கு ஓர் ஓடையை அளக்கத் தெரியாதா, நடுவில் எதுவோ கை மாறியிருக்கிறது என்று எதிர்வீட்டு வக்கீல் சொல்லிக்கொண்டு திரிந்தார். வக்கீல் என்பது பட்டப்பெயர். கோர்ட்டை அவர் வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அண்ணியின் மேஸ்திரி, அடுத்துத் தொடங்கப்போகிற வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு துணி மடித்தார். அந்த நிதானத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, செத்துவிடலாம் போலவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட வராந்தாவில் தெருவே வரிசையில் நின்றது. அண்ணி எனக்கு நாலு ஆளுக்கு முன்னால். வக்கீல் எனக்குப் பின்னால். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வக்கீல் ஆரம்பித்தார். சில பேருக்கு ஓடை ராத்திரியோடு ராத்திரியாகத் தாழ்ந்து போகும், வாங்கினது அப்படி வேலை செய்யும் என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அண்ணி திரும்பவில்லை. அவருடைய கழுத்து மட்டும் விறைத்தது. அவர் அப்படியே நின்றுவிடுவார், ஓட்டுப் போட்டுவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார், ஜென்மத்துக்கும் என் பேரை எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. எந்த அரசியல்வாதியை நான் மூன்று தேர்தலாகத் திட்டிக்கொண்டிருந்தேனோ அந்த ஆளாகவே நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

“டியூப்ல தண்ணி பிடிச்சது நான்தான்,” என்றேன். “அவங்க எப்பவும் வாளியில வச்சுப் பிடிப்பாங்க. நான் அவசரப்பட்டுக் குழாய்ல பிடிச்சேன். காத்து நின்னுபோச்சு. தப்பு என்னோடது. ரெண்டு நாளா வாயைத் திறக்காம அவங்க பின்னாடியே நடந்ததும் நான்தான்.”

சிரித்த நாலைந்து பேரும் அண்ணி பக்கம் திரும்பினார்கள். தையல்கார அக்காதான் முதலில் பேசினார். அப்படியானால் வாட்டம் எவ்வளவு என்று அண்ணியைக் கேட்டார்.

“ஒரு சாண்,” என்றார் அண்ணி.

அக்கா அதைப் பின்னால் நின்றவருக்குச் சொன்னார். அவர் அவருக்குப் பின்னால் நின்றவருக்குச் சொன்னார். ஒரு சாண், ஒரு சாண் என்று அது வராந்தாவைத் தாண்டி வாசல் வரைக்கும் போனது. போலீஸ்காரர் ஓடி வந்து, இங்கே கட்சி பேசக் கூடாது என்றார். இது கட்சி இல்லைங்க, வாட்டம் என்று யாரோ சொன்னார்கள்.

நான் மருந்துக்கடைக்காரருக்குப் போட்டேன். அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் தப்பித்துக்கொள்ள முடியாத ஒரு கணக்கு எங்கள் கையில் இருக்கிறது, அதனால் போட்டேன். ஓடை மேடு, தண்ணீர் ஏறாது, இடம் சரியில்லை என்று அவர் நாளைக்குச் சொல்ல முடியாது. சொன்னால் நாற்பத்திரண்டு வீடும் சாண் போட்டுக் காட்டும்.

வெளியே அண்ணி எனக்காக நின்றிருந்தார். பெயர்த்துப் போட்ட தரையைத் திரும்ப ஒட்ட நேராக வேலைக்குக் கிளம்பும் வேகத்தில் இருந்தார். தெருமுனை வரைக்கும் கூட நடந்தேன். ஒரு வீட்டிலாவது என் பேரைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“அளவு சொன்னது நான். உங்களைக் கை காட்டினா அது சாக்கு ஆயிடும், தம்பி.” கொஞ்சம் நடந்துவிட்டு, “நீங்களாச் சொன்னா அது வேற,” என்றார்.

அவர் போன பிறகு நான் கடையைத் திறந்தேன். தேர்தலில் எவர் ஜெயிப்பார் என்று அப்போது தெரியாது. ஆனால் ஜெயித்தவர் வாசலில் போய் நின்று, சொன்னீர்களே, ஏன் செய்யவில்லை என்று கேட்கிற யோக்கியதை எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.