ஏற்கனவே சேர்ந்திருக்கிறீர்கள்

பெங்களூர் பீன்யாவில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் யசோதாவுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, சரியில்லாததை ஒதுக்கிவைக்க வேண்டும். தங்கை மமதா டெங்குவில் போய்ச் சேர்ந்த பிறகுதான், ரிஜெக்ட் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஏதேதோ எழுத ஆரம்பித்தாள். முப்பத்தாறு வயதில் இதென்ன புதுப் பழக்கம் என்று அவளுக்கே கூச்சம். யாரிடமும் காட்டவில்லை.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாடு முடிந்ததும், புதிதாக எழுதுகிறவர்களுக்கென்று இருந்த 'மை ஈரம்' என்ற இணையக் குழுவில் சேர நினைத்தாள். போன் நம்பரைப் போட்டாள்.

'நீங்கள் ஏற்கனவே சேர்ந்திருக்கிறீர்கள்' என்று வந்தது.

ஓடிபியைத் தட்டியதும் பக்கம் திறந்தது. மேலே அவள் பெயர். கீழே பதினோரு கதைகள். அவள் அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்குள் யாரோ ஒருவர், "வாங்கக்கா, மூணு மாசமா ஆளையே காணோமே!" என்று எழுதினார். இன்னொருவர் பூப்படம் போட்டார்.

முதல் கதையைத் திறந்தாள். ஆஸ்டின் டவுனில் இவர்கள் இருக்கும் இதே வீடு. கோலாரில் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா இங்கே வந்து, செக்யூரிட்டி யூனிபார்மை முதல்முறை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அழுதது. அதைக் கதவிடுக்கில் பார்த்தது இரண்டே பேர். அவளும் மமதாவும்.

அவளுக்கு மூச்சு லேசானது. மமதாதான். தன் போனில் திரை உடைந்து, கூப்பிட மட்டுமே முடிந்ததால், சாயங்காலமானால் அக்காவின் போனைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவாள். கழுதை, அக்கா பேரில் எழுதியிருக்கிறாள்! யசோதா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ஒன்பதாவது கதைக்கு வந்தபோதுதான் தேதியைக் கவனித்தாள். மமதா இறந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆகஸ்டில். ஒன்பதாவது கதை அதற்கடுத்த டிசம்பர். பதினொன்றாவது, இந்த மார்ச்.

குழுவை நடத்தும் குணசேகரின் நம்பர் பக்கத்திலேயே இருந்தது. கூப்பிட்டாள்.

"சார், என் பேர்ல இருக்கற கதையெல்லாம் யார் சார் போட்டது?"

"என்ன மேடம், நீங்கதானே? மார்ச்ல பேசினோமே. தொண்டை கட்டியிருக்குன்னீங்க. இப்ப பரவாயில்லயா?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். "டிராஃப்ட்ல ஒண்ணு பாதியில நிக்குதுன்னு சொன்னீங்களே, அதை முடிங்க" என்றார் அவர்.

வெளியிடாத அந்தப் பன்னிரண்டாவது கதையில் சில வரிகளே:

'காலை பத்து நாற்பதுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அக்காவுக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. மறுபடி பண்ணினேன். மூன்றாவது தடவை அவளே கட் பண்ணினாள், கம்பெனியில் ஆடிட் நாள், பாவம். நான் கூப்பிட்டது எதற்கென்றால்'

அத்தோடு நின்றிருந்தது.

யசோதா அந்த வரிகளை மறுபடி படித்தாள். அந்த மூன்று அழைப்புகளை அவள் அன்றைக்கே போனிலிருந்து அழித்துவிட்டாள். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைக் காலிசெய்து துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அந்த வரிக்குக் கீழே, 'எதுக்குடி கூப்பிட்டே?' என்று தட்டிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் போனைத் திறந்தாள். அவள் எழுதிய கேள்வியைக் காணோம். பாதியில் நின்ற வரி முடிந்திருந்தது.

'நான் கூப்பிட்டது எதற்கென்றால், தனியாக இருக்கப் பயமாக இருந்தது. வேறொன்றும் இல்லை.'

எதிரில் உட்கார்ந்திருந்த ராதா, "ஏனாயித்து, என்ன ஆச்சு யசோதா? முகமெல்லாம் வெளுத்துப்போச்சே" என்றாள். யசோதா ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். டிபன் பாக்ஸைத் திறக்காமலே பையில் வைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா லட்சுமம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று அழைப்புகளையும், தான் கட் பண்ணியதையும். அம்மா திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தாள்.

லட்சுமம்மா கேட்டது ஒன்றுதான். "எத்தினி மணிக்கு?"

"பத்து நாப்பது."

"நான் அப்ப ஆஸ்பத்திரில அவள விட்டுட்டு எளநி வாங்க கீழ போயினு இருந்தேன்" என்றாள் லட்சுமம்மா. "கடைக்காரன்கிட்ட நின்னு பேசினு இருந்துட்டேன். இருவது நிமிசம் இருக்கும். திரும்பி வந்தப்ப அவளுக்குப் பேச்சு இல்ல. உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு நானும் வாய மூடிக்கினேன்."

இருவரும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்தக் கதையை யசோதாதான் முடித்தாள். இளநீர்க் கடையையும் ஆடிட் அறையையும் இருந்தது இருந்தபடி எழுதினாள். எழுதும்போது சில சொற்கள் அவள் விரல் படுமுன்பே திரையில் வந்து நின்றன. முதலில் போனைத் தள்ளிவைத்தாள். பிறகு, தங்கைக்கும் கொஞ்சம் இடம் விட்டு எழுதப் பழகிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நான்கு மணிக்குக் குழுவின் வீடியோ கூட்டம். கதையை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். யசோதா தலைவாரிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தாள்.

"மேடம், உங்க பேர்ல ரெண்டு கட்டம் தெரியுது" என்றார் குணசேகர். "இன்னொரு போன்ல இருந்தும் வந்திருக்கீங்களா? ஒண்ணை எடுத்துடட்டுமா?"

ஒன்றில் அவள் முகம். மற்றது வெறும் கறுப்பு. அதில் மைக் மட்டும் திறந்திருந்தது. யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடும் சத்தம் அதிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது.

"வேணாம் சார்," என்றாள் யசோதா. "இருக்கட்டும்."

லட்சுமம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு நேராக உட்கார்ந்தாள். யசோதா வாசிக்க ஆரம்பித்தாள்.